சால்டரிங் ஈயம் ஏன் கண்ணாடி ஆகவில்லை?

இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு



போன பருவத்தில் நான் எடுத்த செமினார் உங்களில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். தலைப்பு "உலோகக் கண்ணாடி". நான் அன்று பேசியதன் சுருக்கம் இவ்வளவுதான்: உருகிய அலாயை மிக வேகமாகக் குளிர வைத்தால், அணுக்களுக்கு வரிசையாக அடுக்கி நிற்க நேரம் கிடைக்காது, இருந்த இடத்திலேயே உறைந்து போகும், அதுதான் உலோகக் கண்ணாடி. யூட்டெக்டிக் கலவையாக இருந்தால் இன்னும் சுலபம்.

பேசி முடித்ததும் கைதட்டலும் கிடைத்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பன் ஒருவன் எழுந்தான். சாயங்கால வேளையில் டி.வி. ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவன்.

"ஏண்டா, சால்டரிங் ஈயமும் யூட்டெக்டிக்தானே? போர்டுல வச்ச ரெண்டு செகண்டுல உறைஞ்சு போகுது. அது ஏன் கண்ணாடி ஆகலை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அந்த வேகம் பத்தாது" என்று சமாளித்தேன். அவன் விடவில்லை. "அப்ப எந்த வேகம் பத்தும்? எல்லா அலாய்க்கும் ஒரே வேகமா?" என்றான். நான் முழித்ததைப் பார்த்த எங்கள் ஆசிரியர், "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு உட்காருப்பா. தெரிஞ்சப்புறம் எல்லாருக்கும் சொல்லு" என்றார்.

உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன். நண்பனுக்கு நான் பட்ட கடன் இது.

கற்கண்டும் ஆரஞ்சு மிட்டாயும்

முதலில் கண்ணாடி என்றால் என்ன? ஒளி ஊடுருவுவதுதான் கண்ணாடி என்று நினைத்தால் தப்பு. உலோகக் கண்ணாடி எவர்சில்வர் போலப் பளபளக்கும். அதன் வழியாக எதுவும் தெரியாது. கண்ணாடி என்பது உள்ளே அணுக்கள் நிற்கும் விதத்தைக் குறிக்கும் சொல்.

வீட்டுச் சரக்கிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. கற்கண்டும் சர்க்கரைதான், ஆரஞ்சு மிட்டாயும் சர்க்கரைதான். பாகை நாள் கணக்கில் அசையாமல் விட்டு, மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக அடுக்கிக்கொள்ள விட்டால் கற்கண்டு. அது படிகம், நாம் வகுப்பில் சொல்லும் கிரிஸ்டல். அதே பாகை நன்றாகக் காய்ச்சி, அச்சில் ஊற்றிச் சட்டென்று ஆற வைத்தால் மிட்டாய். அதில் அடுக்கு கிடையாது. திரவத்தில் எப்படிக் கலைந்து கிடந்ததோ அப்படியே கெட்டியாகிவிட்டது. அது கண்ணாடி.

நாம் பட்டறையில் கையாளும் இரும்பு, தாமிரம், அலுமினியம் எல்லாம் கற்கண்டு வகை. எவ்வளவு வேகமாக வார்த்தாலும் அவை படிகமாகத்தான் உறையும். உலோகத்தையும் ஆரஞ்சு மிட்டாய் ஆக்கலாம் என்று 1960-ல் காட்டியவர்கள் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் போல் டுவே, கிளெமென்ட், வில்லென்ஸ் என்ற மூவர். தங்கம் 75, சிலிக்கான் 25 என்ற அணு விகிதத்தில் உருக்கி, அந்தத் துளியை ஒரு குளிர்ந்த தாமிரப் பரப்பின்மேல் வீசி அறைந்தார்கள். விநாடிக்குச் சுமார் 10 லட்சம் டிகிரி வேகத்தில் அது குளிர்ந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் படிகத்துக்குரிய கூரான கோடுகள் இல்லை! கிடைத்தது ஒரு மெல்லிய செதில்தான். அதுவும் அறை வெப்பத்தில் வைத்திருந்தாலே சீக்கிரம் மாறத் தொடங்கிவிடும். ஆனாலும் ஒரு புதிய துறைக்குக் கதவு திறந்துவிட்டது. நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி சீக்கிரமே தொடங்கியது. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் அனந்தராமனும் சூரியநாராயணாவும் முதல் பத்தாண்டு வேலைகளைத் தொகுத்து 1971-லேயே ஒரு மதிப்புரைக் கட்டுரை வெளியிட்டார்கள்.

இரண்டு பேருக்கு நடுவே ஒரு பந்தயம்

உருகிய அலாய் உருகுநிலைக்குக் கீழே இறங்கும்போது இரண்டு விஷயங்கள் எதிரெதிராக நடக்கின்றன. வெப்பம் குறையக் குறையப் படிகமாக வேண்டும் என்ற உந்துதல் கூடுகிறது. அதே சமயம் திரவம் கெட்டிப்பட்டு அணுக்கள் நகர்வது குறைகிறது.

ஆகவே உருகுநிலைக்குப் பக்கத்தில் படிகம் தோன்றாது, ஏனென்றால் உந்துதல் போதாது. மிகக் கீழேயும் தோன்றாது, ஏனென்றால் அணுக்களால் நகர முடியாது. நடுவில் ஒரு ஆபத்தான பகுதி இருக்கிறது. ஸ்டீல் ஹீட் ட்ரீட்மெண்ட் பாடத்தில் டி.டி.டி. வரைபடம் போட்டு, அதன் மூக்கைத் தொடாமல் குவென்ச் செய்தால் மார்ட்டென்சைட் கிடைக்கும் என்று படித்தோமே, இங்கேயும் அதே மூக்குதான். மூக்கைத் தொடாமல் தாண்டிவிட்டால் திரவத்தின் பிசுபிசுப்பு ஏறிக்கொண்டே போய், 1 போட்டு 12 பூஜ்யம் சேர்த்த அளவு பாஸ்கல்-விநாடி ஆகும்போது திடப்பொருள் என்றே சொல்லிவிடலாம். தண்ணீரின் பிசுபிசுப்பு ஒரு பாஸ்கல்-விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்! இந்த வெப்பநிலைக்குக் கண்ணாடிநிலை வெப்பம் என்று பெயர்.

மூக்கைத் தாண்டத் தேவையான குறைந்தபட்ச வேகம்தான் அந்த அலாயின் கண்ணாடியாகும் திறனுக்கு அளவுகோல். வேகம் குறைவாகத் தேவைப்பட்டால் நல்ல அலாய். இந்த வேகம் அலாய்க்கு அலாய் எப்படி வித்தியாசப்படுகிறது பாருங்கள்:

தூய உலோகமான டாண்டலத்தைக் கண்ணாடியாக்கியதாக 2014-ல் அறிவித்தார்கள். அதற்கு எட்டிய வேகம் விநாடிக்கு 1 போட்டு 14 பூஜ்யம் டிகிரி. பொருளின் அளவோ நானோமீட்டர் கணக்கு.

தங்கம்-சிலிக்கானுக்கு விநாடிக்குப் பத்து லட்சம் டிகிரி வரிசை.

1993-ல் கால்டெக்கின் பீக்கர், ஜான்சன் இருவரும் அறிவித்த விட்ரலாய்-1 என்ற அலாய்க்கு விநாடிக்குச் சுமார் 1 டிகிரி!

வேகத்தோடு தடிமனும் ஒட்டிக்கொண்டு வரும். வெப்பம் உள்ளிருந்து வெளியே வர ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் 10 மடங்கானால் நடுப்பகுதி குளிரும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். பத்து லட்சம் டிகிரி தேவைப்படும் அலாயில் ரிப்பன்தான் எடுக்கலாம்; 1 டிகிரி போதும் என்றால் சென்டிமீட்டர் கணக்கில் கம்பியே வார்க்கலாம்.

என் செமினாரில் நான் செய்த தப்பு இங்கேதான். "வேகம், வேகம்" என்று குளிர வைப்பவன் பக்கமே பேசினேன். அலாய் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. இப்போது அதைப் பார்ப்போம்.

காரணம் 1: உருகுநிலை எவ்வளவு இறங்குகிறது?

ஹார்வர்டின் டேவிட் டர்ன்புல் சொன்ன கருத்து இது. உருகுநிலைக்கும் கண்ணாடிநிலை வெப்பத்துக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் ஆபத்துப் பகுதி குறுகிவிடும். கெல்வின் கணக்கில் இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் விகிதம் 2/3-ஐ நெருங்கினால் படிகக் கருக்கள் தோன்றுவது மிகவும் மெதுவாகிவிடும். கலவை மாறும்போது கண்ணாடிநிலை வெப்பம் அவ்வளவாக மாறாது. ஆனால் யூட்டெக்டிக்கில் உருகுநிலை சடாரென்று இறங்கும். அதனால்தான் யூட்டெக்டிக்கைத் தேடுகிறோம்.

ஆனால் "யூட்டெக்டிக்கா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எவ்வளவு ஆழமான யூட்டெக்டிக்?" என்று கேட்க வேண்டும். கால்குலேட்டரை எடுங்கள், நாமே போட்டுப் பார்க்கலாம்.

தங்கத்தின் உருகுநிலை 1064, சிலிக்கான் 1414 டிகிரி சென்டிகிரேடு. யூட்டெக்டிக்கில் அணுக் கணக்குப்படி சுமார் 19 சதவீதம் சிலிக்கான். விகிதப்படி சராசரி போட்டால் 1130 டிகிரி வர வேண்டும். உண்மையில் 363 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! கெல்வினில் 1403 வர வேண்டிய இடத்தில் 636. இறக்கம் 55 சதவீதம்.

இரும்பு 1538, போரான் சுமார் 2076. 17 சதவீதம் போரானில் சராசரி 1629. நடப்பது சுமார் 1174. கெல்வினில் இறக்கம் 24 சதவீதம்.

இப்போது நம் சால்டர். வெள்ளீயம் 232, காரீயம் 327. எடைக் கணக்கில் 63-க்கு 37 என்பதை அணுக் கணக்குக்கு மாற்றினால் சுமார் 75-க்கு 25. சராசரி 256, யூட்டெக்டிக் 183. கெல்வினில் 529-லிருந்து 456. இறக்கம் வெறும் 14 சதவீதம்!

கணக்கைப் போட்டு முடித்ததும் எனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. எல்லா யூட்டெக்டிக்கும் ஒன்றல்ல. ஆனாலும் பாதிதான். 55 சதவீதம் இறங்கிய தங்கம்-சிலிக்கானுக்கே பத்து லட்சம் டிகிரி தேவைப்பட்டதே! எனவே ஆழம் மட்டும் போதாது.

காரணம் 2: அணுக்களின் அளவு

சிவில் நண்பர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரே அளவு ஜல்லியை மட்டும் கொட்டினால் நடுவில் சந்து விழும். 20 மில்லிமீட்டர் ஜல்லி, அதற்குள் சின்ன ஜல்லி, அதற்குள் மணல் என்று போட்டால்தான் நெருக்கமாக அடையும். அலாயிலும் அப்படியே. பெரிய அணு, நடுத்தர அணு, சின்ன அணு மூன்றும் கலந்தால் திரவம் இறுக அடைந்து பிசுபிசுப்பு கூடும். அதே நேரத்தில் ஒரே சீரான அடுக்கில் இந்த மூன்று அளவையும் உட்கார வைப்பது கஷ்டம்.

ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் அகிஹிசா இனோவே 1980-களின் கடைசியிலிருந்து பல அலாய்களைச் செய்து பார்த்து மூன்று அனுபவ விதிகளைச் சொன்னார். குறைந்தது மூன்று தனிமங்கள் வேண்டும். முக்கியத் தனிமங்களின் அணு அளவு ஒன்றுக்கொன்று 12 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்பட வேண்டும். கலக்கும்போது வெப்பம் வெளிவர வேண்டும். முதல் விதியையும் மூன்றாவது விதியையும் அடுத்துப் பார்ப்போம்.

காரணம் 3: ஒன்றையொன்று விரும்ப வேண்டும்

இரண்டு திரவங்களைக் கலக்கும்போது வெப்பம் வெளியே வந்தால், வேற்று அணுக்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று அர்த்தம். அப்போது திரவத்திலேயே அவை சின்னச் சின்னக் கூட்டமாகப் பிடித்துக்கொள்கின்றன. படிகமாக வேண்டுமானால் இந்தப் பிடியை விட்டு வேறு இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். நமக்கு வேண்டியதும் அந்த நேரம்தான்.

காரீயமும் வெள்ளீயமும் இதற்கு நேர்மாறு. கலக்கும்போது கொஞ்சம் வெப்பத்தை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. திரவத்தில் சேர்ந்திருந்தாலும், உறையும்போது வெள்ளீயம் மிகுந்த படிகம் ஒரு பக்கம், காரீயம் மிகுந்த படிகம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். அவற்றைப் பிடித்து வைக்க யாரும் இல்லை.

காரணம் 4: எத்தனை தனிமங்கள்?

குலாப் ஜாமூனுக்குப் பாகு காய்ச்சும்போது அம்மா ஏன் எலுமிச்சைச் சாறு பிழிகிறார்கள் தெரியுமா? ஆறியதும் பாகு மறுபடி சர்க்கரையாகக் கட்டிவிடக் கூடாது என்பதற்காக. எலுமிச்சைப் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று உடைத்துவிடும். ஒரு வகை மூலக்கூறு மூன்று வகையானதும் அடுக்குவதில் குழப்பம் வந்து, படிகம் வளர்வது தடைபடுகிறது.

அலாயிலும் இந்தக் குழப்பம் உதவும். கேம்பிரிட்ஜின் லிண்ட்சே கிரீர் 1993-ல் இதற்குக் குழப்பத் தத்துவம் என்றே பெயர் வைத்தார்.

அப்படியானால் கிடைத்த தனிமத்தை எல்லாம் போட்டு உருக்கினால் கண்ணாடி வந்துவிடுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரையன் காண்டரும் அவருடன் இருந்தவர்களும் 20 தனிமங்களைச் சம அளவில் கலந்து பார்த்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடி வரவில்லை, ரிப்பனாக வேகமாகக் குளிர வைத்தும் படிகம்தான். இன்னும் வேடிக்கை, இரும்பு, குரோமியம், மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட் என்று ஐந்தைச் சம அளவில் போட்டபோது ஐந்தும் ஒரே எளிய படிகத்தில் சமத்தாக உட்கார்ந்துவிட்டன. காரணம், ஐந்தின் அணு அளவும் கிட்டத்தட்ட ஒன்று. ஆக எண்ணிக்கை முக்கியமல்ல. எதை எதோடு சேர்க்கிறோம் என்பதே முக்கியம்.

காரணம் 5: சுத்தம்

இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். படிகம் முளைக்க ஒரு பிடிமானம் கிடைத்தால் சுலபமாக முளைக்கும். ஒரு ஆக்சைடு துணுக்கு போதும். 1984-ல் டர்ன்புல்லும் அவர் குழுவினரும் பல்லேடியம் 40, நிக்கல் 40, பாஸ்பரஸ் 20 என்ற அலாயை உருகிய போரான் ஆக்சைடுக்குள் வைத்து உருக்கினார்கள். பட்டறையில் பற்றவைக்கும்போது ஃப்ளக்ஸ் போடுகிறோமே, அதே வேலைதான். அழுக்கை அது இழுத்துக்கொண்டது. விளைவு, ஒரு சென்டிமீட்டர் தடிமனில் கண்ணாடி! சிர்கோனியம் அலாய்களில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடினாலே திறன் குறைந்துவிடும். எனவே காற்றுப் படாமல் உருக்க வேண்டும்.

எல்லாம் கூடி வந்த அலாய்

விட்ரலாய்-1-ஐ இந்த ஐந்தையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். அணுக் கணக்கில் சிர்கோனியம் 41.2, டைட்டானியம் 13.8, தாமிரம் 12.5, நிக்கல் 10, பெரிலியம் 22.5. தனிமங்கள் ஐந்து. அணு ஆரம் சிர்கோனியத்துக்கு 1.60 ஆங்ஸ்ட்ராம், டைட்டானியம் 1.46, தாமிரம் 1.28, நிக்கல் 1.25, பெரிலியம் 1.12. ஜல்லி முதல் மணல் வரை இருக்கிறது! சிர்கோனியம் தாமிரத்தையும் நிக்கலையும் பெரிலியத்தையும் பலமாக இழுக்கும். உருகத் தொடங்குவது சுமார் 937 கெல்வின்; கண்ணாடிநிலை வெப்பம் சுமார் 623. வகுத்தால் 0.66. டர்ன்புல் சொன்ன 2/3!

ஆனால் எல்லா இடத்திலும் இதையே செய்ய முடியாது. எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்குத் தெரிந்த டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு, போரான், சிலிக்கான் கலந்த கண்ணாடி ரிப்பனில் கோர் செய்தால், சாதாரண சிலிக்கான் ஸ்டீல் கோரைவிட நோ-லோடு லாஸ் சுமார் 60 முதல் 70 சதவீதம் குறையும். ஆனால் அந்த ரிப்பன் சுமார் 25 மைக்ரான் தடிமன்தான். தலைமுடியைவிட மெல்லியது. கண்ணாடியாகும் திறன் குறைவு என்பதால், சுழலும் தாமிரச் சக்கரத்தின்மேல் பாய்ச்சிப் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் இழுக்க வேண்டியிருக்கிறது. காந்தமில்லாத வேறு தனிமங்களை நிறையச் சேர்த்துத் தடிமனைக் கூட்டப் பார்த்தால், இரும்பின் பங்கு குறைந்து காந்த சக்தி போய்விடும். எனவே கண்ணாடியாகும் திறன் ஒன்றை மட்டும் பார்த்து அலாய் தேர்ந்தெடுக்க முடியாது. எதற்காகச் செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

நண்பனுக்குப் பதில்

இப்போது கேள்விக்கு வருகிறேன். சால்டரிங் ஈயம் ஏன் கண்ணாடி ஆகவில்லை?

ஒன்று, அதன் யூட்டெக்டிக் ஆழமற்றது. 14 சதவீதம்தான் இறங்குகிறது. இரண்டு, காரீயமும் வெள்ளீயமும் ஒன்றையொன்று இழுப்பதில்லை, பிரியத்தான் பார்க்கின்றன. மூன்று, இரண்டே தனிமங்கள். பிரிந்து போய் எளிய படிகமாக நிற்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. அணு அளவில் ஓரளவு வித்தியாசம் இருந்தும், மற்றவை கூடி வராததால் பயனில்லை.

நான் அன்று சொன்ன "வேகம் பத்தாது" என்ற பதில் முழுப் பொய் அல்ல. ஆனால் அது பதிலும் அல்ல. போர்டில் வைத்த ஈயம் இரண்டு விநாடியில் உறைகிறது என்றால், அது விநாடிக்குச் சில பத்து டிகிரி வேகத்திலாவது குளிர்கிறது. அந்த வேகத்தில் விட்ரலாய்-1 தாராளமாகக் கண்ணாடியாகிவிடும், அதற்கு 1 டிகிரி போதுமே! அதே வேகம், ஒன்று கண்ணாடி, மற்றொன்று படிகம். ஆகவே குற்றம் வேகத்தில் இல்லை, கலவையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சால்டர் கண்ணாடி ஆகாததால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. குறிப்பிட்ட ஒரே வெப்பத்தில் உருகி, சட்டென்று உறைந்து, பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதை அது சரியாகச் செய்கிறது.

செமினாரில் பதில் தெரியாமல் நின்றது அன்று அவமானமாக இருந்தது. அந்தக் கேள்வி மட்டும் வராமல் இருந்திருந்தால், "வேகமாகக் குளிர வைத்தால் உலோகம் கண்ணாடி ஆகும்" என்ற ஒரு வரியோடு நான் டிப்ளமோ முடித்துப் போயிருப்பேன். ஜூனியர் தம்பி தங்கைகளே, செமினாரில் யாராவது கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்கும் இடத்தில் இருந்தால் கேட்காமல் விடாதீர்கள்.

நண்பா, அடுத்த கேள்வி இருந்தால் கேள். இந்தத் தடவை தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்கிறேன்.